சிபோனிமாட் தொடங்குமுன் மரபணுப் பரிசோதனை: ‘ஸ்டார் 1 / ஸ்டார் 3’ என்று வந்திருக்கிறது

கொன்றைப்பூ (ஸ்கார்பரோ) எழுதியது:

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்துவிட்டு மட்டும் போகிறவள். எழுதுவது இதுதான் முதல் முறை.

எனக்கு வயது 51. எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்ற மூளை, தண்டுவட நரம்பு நோய்) என்று தெரிந்து 17 வருடமாகிறது. முதலில் இன்டர்ஃபெரான் ஊசி. ஈரல் என்சைம்கள் ஏறிக்கொண்டே போனதால் நிறுத்தினார்கள். பிறகு வேறு மாத்திரைகள். கடந்த இரண்டு குளிர்காலங்களாக இடது கால் இழுபடுகிறது. கைப்பிடி இல்லாத படிக்கட்டு என்றால் கீழேயே நின்றுவிடுகிறேன். நோய் மெல்ல மெல்ல மோசமாகிக்கொண்டே போகும் இரண்டாம் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று சொல்லி, நரம்பியல் வைத்தியர் சிபோனிமாட் என்ற மாத்திரையை எழுதியிருக்கிறார். மருந்து கொடுக்குமுன் மரபணுப் பரிசோதனை கட்டாயம் என்று குருதி எடுத்தார்கள்.

நேற்றுத் தாதி தொலைபேசியில் அழைத்தார். “உங்களுக்கு ஸ்டார் ஒன்று, ஸ்டார் மூன்று. ஆகவே பாதி அளவு” என்றார். அதற்குமேல் விளக்க அவருக்கு நேரமில்லை. கைக்கு வந்த தாளிலும் ஒரே வரிதான்: சிஒய்பி2சி9, ஸ்டார் 1 / ஸ்டார் 3, ‘இடைநிலை’. பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கையில் எனக்கு வழக்கமாக விழும் சொல் அது.

பாதி மருந்து என்றால் பாதிப் பலன்தானா? இந்த மரபணுவுக்கும் எனக்கு எம்.எஸ். வந்ததற்கும் தொடர்பு உண்டா? யாழ்ப்பாணத்தில் இருக்கும் தம்பிக்கும் இங்கே படிக்கும் மகளுக்கும் சொல்ல வேண்டுமா? அன்று இன்டர்ஃபெரானில் ஈரல் கெட்டதும் இதனால்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

மாத்திரைச்சீட்டு (மதுரை) எழுதியது:

சகோதரி, நான் மருத்துவர் அல்லன். முப்பது ஆண்டுகள் மருந்தியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அந்த அளவில் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு விடை: இல்லை. நீங்கள் விழுங்கும் மருந்து பாதிதான், ஆனால் ரத்தத்தில் நிற்கும் மருந்து பாதியாக இருக்காது. சிபோனிமாட்டை உடைத்து வெளியேற்றும் வேலையில் பெரும்பங்கு கல்லீரலில் உள்ள சிஒய்பி2சி9 என்ற நொதியுடையது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இதற்கான மரபணு நம் எல்லாரிடமும் இரண்டு பிரதிகள் இருக்கும். உங்களுடைய இரண்டில் ஒன்று இயல்பான ஸ்டார் 1; மற்றது ஸ்டார் 3, சோம்பேறி வகை. தொட்டியில் தண்ணீர் விழுகிற வேகம் அதேதான், வடிகால் மட்டும் பாதி அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயைக் கொஞ்சம் மூடினால் தொட்டி மட்டம் மற்றவர்களுடையது போலவே நிற்கும். அதனால்தான் மற்றவர்களுக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம், உங்களுக்கு 1.

இரண்டு பிரதியும் ஸ்டார் 3 ஆக இருந்தால் இந்த மருந்தையே தரக்கூடாது. அவர்கள் உடலில் மருந்தின் மொத்த அளவு ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். சாதாரணமாக ஒன்றேகால் நாளில் பாதியாகக் குறையும் மருந்து, அவர்களிடம் பாதியாகக் குறைய ஐந்து நாளுக்குமேல் எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் 2019 மார்ச்சில் அனுமதி கிடைத்தபோதே இந்தப் பரிசோதனை மருந்தோடு வரும் விவரக் குறிப்பில் நிபந்தனையாக எழுதப்பட்டுவிட்டது. எம்.எஸ். மருந்துகளில் இப்படி மரபணுவைப் பார்த்த பிறகே தொடங்குவது என்பது இதற்கு முன் கிடையாது.

இரண்டாவது கேள்வி: நோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. இது மருந்தைச் செரிக்கும் விஷயம் மட்டும். உங்களுக்கு எம்.எஸ். வராமலே இருந்திருந்தாலும் இதே வரிதான் தாளில் வந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பூஞ்சைத் தொற்றுக்கு ஃப்ளூகோனசோல் என்ற மாத்திரையை நம் ஊரில் கடையிலேயே கேட்டு வாங்கி விழுங்குகிறார்கள். அது இதே நொதியைத் தடுக்கும். சோதனையில் இயல்பு என்று வந்தவர்களுக்கே அது சிபோனிமாட் அளவை இரண்டு மடங்காக்கிவிடும். இரண்டையும் சேர்த்து எடுக்கவே கூடாது. யார் எந்த மாத்திரை எழுதினாலும், சிபோனிமாட் சாப்பிடுகிறேன் என்பதை முதலில் சொல்லுங்கள்.

—

கேள்விக்குறி எழுதியது:

முன்பு நாடி பிடித்து மருந்து கொடுத்தார்கள். இப்போது எச்சிலைக் குழாயில் துப்பச் சொல்லி மரபணு பார்க்கிறார்கள். மருந்தே வீட்டுக் கடன் அளவுக்கு விலை. அதற்கு முன்னால் ஒரு பரிசோதனைக் கட்டணம். என் சித்தப்பா பத்து ஆண்டுகள் கார்பமசிபைன் என்ற மாத்திரை சாப்பிட்டார். ஒரு மரபணுவும் பார்க்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை. இதெல்லாம் விற்பதற்குத்தான்.

—

தேக்கா வாசி (சிங்கப்பூர்) எழுதியது:

கேள்விக்குறி ஐயா, உங்கள் சித்தப்பா நலமாக இருந்ததில் மகிழ்ச்சி. கார்பமசிபைன் பேச்சு வந்ததால் என் கதையையும் சொல்கிறேன்.

எனக்கு எம்.எஸ். உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் வலது கன்னத்தில் வலி தொடங்கியது. பல் துலக்கும் தூரிகை மேலீற்றில் பட்டவுடன் மின்கம்பியைக் கடித்தது போல ஒரு வெட்டு, இரண்டு நொடிதான். ஆனால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாமல் வாயைத் திறக்கவே பயம். ஒரு வாரம் கஞ்சியை உறிஞ்சுகுழலில் குடித்தேன். பல் மருத்துவரிடம் போய் ஒரு பல்லையும் அநியாயமாகப் பிடுங்கிக்கொண்டேன். கடைசியில் அது எம்.எஸ்.காரர்களுக்கு வரக்கூடிய முக நரம்பு வலி, ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, என்று தெரிந்தது. அதற்கு முதல் மருந்து கார்பமசிபைன்.

ஆனால் மருத்துவர் அன்றே தரவில்லை. எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற மரபணு வகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தருவேன் என்றார். சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வம்சாவளியினருக்குப் புதிதாகக் கார்பமசிபைன் தொடங்குமுன் இந்தச் சோதனை செய்வதே முறை. முடிவு வரும்வரை காபாபென்டின் கொடுத்துச் சமாளித்தார்கள். எனக்கு அந்த வகை இல்லை என்று வந்தது. பிறகு கார்பமசிபைன் தொடங்கி, நான்காம் நாள் முறுக்கு கடித்தேன்.

ஏன் இவ்வளவு பயம்? அந்த வகை இருப்பவர்களில் சிலருக்கு இந்த மருந்து ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற எதிர்வினையைக் கிளப்பிவிடும். தீக்காயம் போலத் தோல் உரியும். வாய், கண், எல்லாம் புண்ணாகும். உயிரும் போகலாம். தைவானில் 2004இல் இப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் 15:02 இருந்தது. பிறகு அங்கேயே 4,877 பேருக்கு மருந்துக்கு முன் சோதனை செய்து, அந்த வகை இருந்தவர்களுக்குக் கார்பமசிபைனைத் தவிர்த்தார்கள். வழக்கமான கணக்குப்படி பத்துப் பேருக்காவது அந்த எதிர்வினை வந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை. 2011இல் வெளியான முடிவு இது.

அந்த வகை இருப்பவர்களிலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது என்பதும் உண்மை. உங்கள் சித்தப்பாவிடம் அது இல்லாமல் இருந்திருக்கலாம், இருந்தும் தப்பித்திருக்கலாம். இரண்டில் எது என்று நமக்குத் தெரியாது.

—

கேள்விக்குறி எழுதியது:

சரி, கார்பமசிபைனுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தங்கள் ஊரில் அரசு முறையாகச் செய்கிறது. எங்கள் ஊரில் ‘ஒரே எச்சிலில் ஐம்பது மருந்து’ என்று துண்டுப் பிரசுரம் வருகிறது. அதையும் நம்ப வேண்டுமா?

—

நொய்யல்கரை (கோவை) எழுதியது:

நம்பவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். எதைத் தேடினார்கள் என்று கேளுங்கள். அதைக் கேட்காமல் விட்டதற்கு என் மனைவி விலை கொடுத்தாள்.

அவளுக்கு எம்.எஸ். உறுதியானபோது, விலை உயர்ந்த மருந்துகள் எங்களுக்கு எட்டவில்லை. நோய் எதிர்ப்பை அடக்கும் அசாதயோபிரின் எழுதினார்கள். பழைய மருந்து, மலிவு, நம் நாட்டில் இன்றும் பலர் எடுக்கிறார்கள். தொடங்குமுன், அந்த மருந்தை உடைக்கும் டி.பி.எம்.டி. என்ற மரபணுவைப் பார்த்தால் நல்லது என்று யாரோ சொன்னார்கள். கையைக் கடித்துக்கொண்டு செய்தோம். ‘இயல்பு’ என்று வந்தது. அந்தத் தாளைப் பூஜை அறையில் வைக்காத குறைதான்.

மூன்றாம் வாரம். காலையில் தலை வாரிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். சீப்பில் முடி இல்லை, கையில் இருந்தது. இழுக்காமலே கொத்தாக வந்திருக்கிறது. தலையணை உறை கறுத்துக் கிடந்தது. மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்தோம். “முடி கொட்டுவது சகஜம், அடுத்த முறை வரும்போது சொல்லுங்கள்” என்றார்கள். இரண்டு நாளில் வாய்ப்புண், காய்ச்சல். வேறு இடத்தில் ரத்தம் பார்த்தால் வெள்ளை அணுக்கள் ஆயிரத்துக்கும் கீழே. பதினோரு நாள் தனி அறையில் வைத்திருந்தார்கள்.

அங்கே இருந்த இளம் மருத்துவர்தான் கேட்டார்: “என்.யூ.டி.டி.15 பார்த்தீர்களா?” இதே மருந்தைக் கையாளும் இன்னொரு மரபணுவாம். அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பார்த்தோம். இரண்டு பிரதியும் பழுது.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். டி.பி.எம்.டி. பழுது ஐரோப்பியர்களிடம் அதிகம். அங்கே அதை வைத்துத்தான் இந்தச் சோதனைப் பழக்கமே வளர்ந்தது. கொரியாவில் அந்தப் பழுது இல்லாதவர்களுக்கும் வெள்ளை அணுக்கள் சரிவதைப் பார்த்துத் தேடியபோதுதான், 2014இல், என்.யூ.டி.டி.15 கண்ணில் பட்டது. கிழக்காசியாவிலும் இந்தியாவிலும் டி.பி.எம்.டி. பழுதைவிட இது அதிகம். இரண்டு பிரதியும் பழுதானவர்களுக்குச் சில வாரங்களிலேயே முடி மொத்தமாகக் கொட்டும், வெள்ளை அணுக்கள் சரியும். முடி கொட்டியதே அபாய மணி; அதைத்தான் ‘சகஜம்’ என்றார்கள்.

எங்கள் கையில் இருந்த தாள் பொய் சொல்லவில்லை. டி.பி.எம்.டி. இயல்புதான். அது வேறு யாருக்கோ தைத்த சட்டை, அவ்வளவுதான்.

—

மாத்திரைச்சீட்டு எழுதியது:

நொய்யல்கரை அவர்களே, படித்ததும் சிறிது நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. வீட்டில் இப்போது நலம்தானே?

வகுப்பில் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. ‘ஸ்டார் 1’ என்பது யாரும் கண்ணால் கண்டுபிடித்த பொருள் அன்று. ஆய்வகம் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு தேடுகிறது. பட்டியலில் உள்ள மாற்றம் எதுவும் அகப்படாவிட்டால் ‘ஸ்டார் 1’ என்று எழுதிவிடுகிறது. பட்டியலில் இல்லாத மாற்றம் உங்களிடம் இருந்தாலும் தாளில் இயல்பு என்றே வரும். சிஒய்பி2சி9க்கே ஸ்டார் 2, ஸ்டார் 3 மட்டும் பார்க்கும் ஆய்வகங்கள் உண்டு. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படும் 5, 6, 8, 11 ஆகிய வகைகள் அதில் தப்பிவிடும்.

நம் மக்களைப் பொறுத்தவரை இந்த மரபணுவில் நிலைமை பரவாயில்லை. புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் 2003இல் தமிழ்நாட்டு மக்களைப் பற்றி வெளியிட்ட கணக்கு இருக்கிறது. இந்த மரபணுவின் எல்லாப் பிரதிகளிலும் ஸ்டார் 3 ஏறத்தாழ 7 சதவீதம்; ஸ்டார் 2 அதில் பாதிகூட இல்லை. ஐரோப்பியரிடம் ஸ்டார் 2 தான் கூடுதல். 7 சதவீதம் என்பதைப் பெருக்கிப் பார்த்தால், எட்டுப் பேரில் ஒருவரிடம் கொன்றைப்பூ அவர்களைப் போல ஒரு பிரதி இருக்கும். இருநூற்றுச் சொச்சம் பேரில் ஒருவரிடம் இரண்டும் இருக்கும். இரண்டும் இருப்பவரை ஒரு கல்யாணப் பந்தியிலேயே சந்தித்துவிடலாம். அவருக்கே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வந்திராது.

‘ஐம்பது மருந்து’ பிரசுரத்துக்கு: அந்த ஐம்பதில் எம்.எஸ். மருந்து எத்தனை என்று எண்ணுங்கள். சிபோனிமாட் இருக்கும். அதன் மூத்த அண்ணனான ஃபிங்கோலிமாட்டுக்கு இந்தச் சோதனை தேவையில்லை. முதல் மாத்திரை போட்டதும் ஆறு மணி நேரம் உட்காரவைத்து நாடித்துடிப்பைப் பார்ப்பார்கள். அதற்கு மரபணு சொல்லும் பதில் எதுவும் இல்லை. ரிட்டுக்ஸிமாப், ஓக்ரலிசுமாப் போன்ற ஊசிகளுக்கும் அப்படித்தான்.

—

நொய்யல்கரை எழுதியது:

நலம் ஐயா. முடி சுருட்டையாக வளர்ந்திருக்கிறது, அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. மருந்தை மாற்றிவிட்டார்கள்.

—

செங்காந்தள் (பெங்களூரு) எழுதியது:

நான் நேட்டலிசுமாப் என்ற எம்.எஸ். மருந்து எடுக்கிறேன். அதனால் வரக்கூடிய மூளைத் தொற்று, பி.எம்.எல்., யாருக்கு வரும் என்று மரபணுவில் தெரியுமாமே? தோழி அனுப்பினாள். உண்மையா?

—

மாத்திரைச்சீட்டு எழுதியது:

நால்வகை மரபணு மாற்றங்களைக் குறிப்பிட்டு ஒரு குழு எழுதியிருக்கிறது. ஆனால் வழக்கமான மருத்துவத்தில் அது இன்னும் நுழையவில்லை. உங்களுக்கு வேண்டியது, பி.எம்.எல். நோயைக் கிளப்பும் ஜே.சி. வைரஸுக்கான எதிர்ப்பொருள் சோதனை. அது மரபணு அன்று; அந்த வைரஸை உங்கள் உடல் ஏற்கெனவே சந்தித்திருக்கிறதா என்பதைக் காட்டுவது. இந்த மருந்து 2004 நவம்பரில் வந்தது, பி.எம்.எல். காரணமாக 2005 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது, 2006இல் கண்காணிப்போடு திரும்பி வந்தது. எதிர்ப்பொருள் இருக்கிறதா, இரண்டு ஆண்டைத் தாண்டிவிட்டீர்களா, முன்பு நோய் எதிர்ப்பை அடக்கும் வேறு மருந்து எடுத்தீர்களா, இந்த மூன்றும்தான் கணக்கு. கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? ஆறு மாதம் தாண்டியிருந்தால் அடுத்த முறை கேளுங்கள். இல்லை என்று வந்தவர்களுக்கும் பிறகு மாறலாம்.

—

வான்கூவர் மழை எழுதியது:

கொன்றைப்பூ அக்காவின் நான்காவது கேள்வியை எல்லாரும் தாண்டிவிட்டீர்கள். இன்டர்ஃபெரானில் ஈரல் கெட்டது சிஒய்பி2சி9ஆல் அன்று. இன்டர்ஃபெரான் ஒரு புரதம். அதை இந்த நொதி தொடுவதே இல்லை.

ஆனால் அதற்கும் ஒரு மரபணுத் தடயம் உண்டு. இங்கே பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2018இல் வெளியிட்டது: ஐ.ஆர்.எஃப்.6 என்ற மரபணுவின் அருகே உள்ள ஒரு மாற்றத்துக்கும் இன்டர்ஃபெரான்-பீட்டா எடுத்த எம்.எஸ். நோயாளிகளின் ஈரல் பாதிப்புக்கும் தொடர்பு இருக்கிறது. படித்ததும் நானும் ஓடிப்போய் என் வைத்தியரைக் கேட்டேன். அவர் சிரித்தார். “ஈரல் என்சைமைப் பார்க்கும் எஸ்.ஜி.பி.டி. சோதனையை ஒழுங்காகச் செய்தால் ஈரலே நேரடியாகச் சொல்லிவிடும். ஏறினால் நிறுத்துகிறோம், இறங்கிவிடுகிறது. மரபணுவைக் கேட்டு நான் என்ன செய்ய?” என்றார். எனக்கு அந்தப் பதில் அப்போது பிடிக்கவில்லை. இப்போது பாதி பிடிக்கிறது. சிலருக்கு ஈரல் மெதுவாக எச்சரிக்காமல் ஒரேயடியாகக் கெடுகிறது. அவர்களை முன்கூட்டியே பிரித்தெடுக்க முடிந்தால் நல்லதுதானே. அது இன்னும் அன்றாடச் சோதனையாக வரவில்லை.

—

கேள்விக்குறி எழுதியது:

ஆகக்கூடி, சிபோனிமாட், கார்பமசிபைன், அசாதயோபிரின். மூன்றே மூன்று. மீதிக்கெல்லாம் பழையபடி ரத்தம் எடுத்துப் பார்ப்பதுதான் வழி. நான் சொன்னதும் ஏறத்தாழ அதுதான்.

—

தேக்கா வாசி எழுதியது:

நீங்கள் சொன்னது “எல்லாம் விற்பதற்குத்தான்.”

—

நெறியாளர்:

இருவரும் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். ஒரு குறிப்பு: இங்கே சொல்லப்படும் மருந்தளவுகளை வைத்து யாரும் தாமாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பரிசோதனைத் தாளைப் படமெடுத்துப் போடுபவர்கள் பெயரையும் எண்ணையும் மறையுங்கள். நேற்று இரண்டை நீக்கினேன்.

—

கொன்றைப்பூ எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரமாகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

தொடங்குமுன் ஈ.சி.ஜி., கண் பரிசோதனை, கொப்புளிப்பான் (சின்னம்மை) எதிர்ப்பொருள், எல்லாம் பார்த்தார்கள். முதல் நாள் கால் மில்லிகிராம், இரண்டாம் நாளும் அதே, மூன்றாம் நாள் அரை, நான்காம் நாள் முக்கால், ஐந்தாம் நாளிலிருந்து 1. முதல் இரண்டு நாளும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தேன். நாடித்துடிப்பு 62க்குக் கீழே போகவில்லை. தொடர்ந்து நான்கு நாள் மாத்திரையைத் தவறவிட்டால் மறுபடியும் கால் மில்லிகிராமில் தொடங்க வேண்டுமாம். அதனால் மகள் என் தொலைபேசியில் மணி வைத்திருக்கிறாள். அரைமணிக்கு ஒருமுறை அடிக்கிறது, நிறுத்தத் தெரியவில்லை.

மாத்திரைச்சீட்டு ஐயா, உங்களுக்குத் தனி நன்றி. சென்ற வாரம் நாக்கில் வெள்ளைப் படலம் வந்து பக்கத்துக் கிளினிக்குக்குப் போனேன். அந்த வைத்தியர் எழுதியது ஃப்ளூகோனசோல். சீட்டை வாங்கிப் பார்த்தவுடன் உங்கள் பதிவு நினைவுக்கு வந்தது. சொன்னேன். கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, வாயில் வைத்துக் கொப்பளிக்கும் மருந்தாக மாற்றிக் கொடுத்தார்.

தம்பியிடமும் சொன்னேன். அவன் முதலில் பிடி கொடுக்கவில்லை. “எனக்கு எம்.எஸ். இல்லையே” என்றான். இதே நொதிதான் இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினையும் வலிப்பு மருந்தான ஃபெனிடொயினையும் உடைக்கிறது என்று எங்கேயோ வாசித்ததைச் சொன்னதும், அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, “அம்மாவின் குளிசை நினைவிருக்கிறதா?” என்றான்.

எங்கள் அம்மாவுக்கு இதய வால்வு மாற்றியபின் வார்ஃபரின் கொடுத்தார்கள். எல்லாருக்கும் கொடுக்கும் அளவைக் கொடுத்ததும் பல்முரசில் இரத்தம். குறைத்தார்கள், மறுபடியும் இரத்தம். கடைசியில் ஒரு குளிசையைச் சவரத் தகட்டால் நாலாக வெட்டி ஒரு துண்டு கொடுப்பது என் வேலை. “உன் அம்மாவுக்கு எறும்புக்குக் கொடுக்கிற அளவே போதும்” என்று அந்த வைத்தியர் சொல்லிச் சிரிப்பார். அப்பா கோபப்படுவார், மருந்தை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று.

—

மாத்திரைச்சீட்டு எழுதியது:

வார்ஃபரினுக்கு வி.கே.ஓ.ஆர்.சி.1 என்ற இன்னொரு மரபணுவும் உண்டு, உணவும் உண்டு, வயதும் உண்டு. இதனால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களிடம் இருக்கும் ஸ்டார் 3 இரு பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்ததுதான். அம்மாவிடமிருந்து என்று இப்போது நினைக்கத் தோன்றுகிறது. தம்பிக்கு இருப்பதற்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி; மகளுக்கும் அப்படியே. இப்போதே ஓடிப்போய்ச் சோதிக்க வேண்டாம். இந்த நொதி தொடும் மருந்து என்றைக்காவது எழுதப்பட்டால், அன்று சொல்லும்படி ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

—

கொன்றைப்பூ எழுதியது:

சொல்லிவிட்டேன் ஐயா. தம்பி இன்று காலை ஒரு படம் அனுப்பியிருக்கிறான். இரத்தம் உறையும் வேகத்தைக் குறித்துவைத்த அம்மாவின் ஐ.என்.ஆர். கொப்பி, அலுமாரியில் அப்பாவின் காணி உறுதிகளுக்கு அடியில் இருந்ததாம். பக்கம் பக்கமாகத் திகதியும் எண்ணும். ஓரத்தில் பென்சிலால் என் எழுத்தில் ‘¼’, ‘¼’, ‘¼’.